கரி எங்க இருக்கு?

இந்தக் கிழமை எபிசோடில் காரை ஒரு கொம்பியூட்டராகப் பார்க்கிறது பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் விட்ட ஒரு விசயத்தை இங்கே எழுதுகிறேன்: எஞ்சினில் ஏறும் கரியும், அதைச் சுத்தம் செய்யவென்று கராஜில் நீட்டும் பில்லும். என்ர கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரி ஏறுவது உண்மை. ஆனால் "கரி எங்க இருக்கு, காட்டுங்கோ" என்று கேட்காமல் அதற்கு ஒரு டொலரும் கொடுக்கக்கூடாது. அநேகமான வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

ஏன் நீங்கள்? மொன்றியலில் வளர்ந்த எங்களில் பலர் பத்து வயதிலிருந்தே வீட்டின் மொழிபெயர்ப்பாளர்கள். பள்ளிக்கூடக் கடிதம், வங்கிக் கடிதம், வரிக் கடிதம், எல்லாம் பிரெஞ்சில் வரும். நாங்கள் தமிழில் சொல்லுவோம். கராஜ் கவுண்டரிலும் அதேதான். தாளில் "டிகார்பொனிசாசியோன்" என்று இருக்கும். நாங்கள் "கரி எடுக்கிறதாம் அப்பா" என்போம். அவர் உடனே தலையாட்டுவார். "ஓம் தம்பி, கரி ஏறினால் எடுக்கத்தானே வேணும். செய்யச் சொல்லு."

அவர் அப்படித் தலையாட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சின் கரியை எங்கட அப்பாமார் கண்ணால் பார்த்தவர்கள். 1990களின் முதற்பாதியில், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது. மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது முழுசாக எரியாது, புகையும் கரியும்தான். பிளக்கைக் கழற்றி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்பப் பூட்டி ஓடிய ஆட்கள் இன்றைக்குப் பார்க் எக்ஸ்டென்சனிலும் லசாலிலும் லாவாலிலும் எங்கட வீட்டுக் கதிரையில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் "கரி" என்ற சொல்லை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிரச்சினை அங்கேதான். அப்பாவுக்குத் தெரிந்த கரி வேறு, இன்றைய கராஜ் தாளில் இருக்கும் கரி வேறு. அவருடைய கரி, கெட்ட எரிபொருள் எரிந்த இடத்தில் வந்தது: பிளக், பிஸ்டன் தலை, சிலிண்டர் ஹெட். இன்றைய கார்களில் பேசப்படும் கரி, நல்ல பெற்றோல் போய்ச் சேராத இடத்தில் வருகிறது. சொல் ஒன்று, இடம் இரண்டு. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் எதையும் விற்கலாம்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். பழைய முறையில் இன்ஜெக்டர் வால்வுக்கு வெளியே, காற்று வரும் வழியில் இருக்கும். பெற்றோல், உள்ளிழுக்கும் வால்வின் முதுகில் பட்டுத்தான் சிலிண்டருக்குள் போகும். பெற்றோலில் கழுவும் இரசாயனம் கலந்திருப்பதால், ஒவ்வொரு முறையும் அந்த வால்வு குளித்துக்கொண்டே இருக்கும். நேரடி இன்ஜெக்சன் எஞ்சினில் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. நூறு பாருக்கும் கூடிய அழுத்தத்தில் உள்ளே தெளிக்கிறது. வால்வின் முதுகுக்கு வெறும் காற்று மட்டும்தான், குளிப்பு நின்றுபோய்விட்டது. மிற்சுபிசி 1996இல் ஜப்பானில் கலன்ட் காரில் இந்த முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2008இல் புதிய வாகனங்களில் 3 வீதத்துக்கும் குறைவாக இருந்தது. பத்து வருடத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. காரணம் நல்ல காரணம்தான்: உள்ளே தெளிக்கும் பெற்றோல் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும், அதனால் கூடிய அமுக்கம், கூடிய சக்தி, குறைந்த செலவு.

சரி, பெற்றோல் படாத இடத்தில் அழுக்கு எங்கேயிருந்து வருகிறது? பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, ஒயில் ஆவியோடு கலக்கும். ஒரு காலத்தில் அதை அப்படியே வெளியே விட்டார்கள். வளி மாசைக் குறைக்க, 1960களிலிருந்து அந்த ஆவியைக் காற்று வரும் வழிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். பிசிவி என்பது அதுதான். அந்த ஒயில் ஆவி சூடான வால்வு முதுகில் ஒட்டி, காய்ந்து, படைபடையாகக் கறுத்துப் போகிறது.

எங்கட பாசையில் சொன்னால், இரண்டு சரியான கொமிட். ஒன்று வளி மாசுக்கு, மற்றது எரிபொருள் சிக்கனத்துக்கு. தனித்தனியே இரண்டும் டெஸ்ட் பாஸ். இரண்டையும் மேர்ஜ் பண்ணின இடத்தில் பக்.

மொன்றியல் இந்தப் பக்கைக் கூட்டித் தரும் நகரம். ஜனவரியில் சராசரி மறை பத்துப் பாகையளவில் நிற்கும். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, ஜோன் தலோனில் சாமான் வாங்குவது, கோப்பி எடுப்பது என்று எல்லாம் பத்து நிமிட ஓட்டம். எஞ்சின் சூடாகும் முன்னே நிறுத்திவிடுகிறோம். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடப் போகும். அதில் கொஞ்சம் ஒயிலோடு கலக்கும், நீராவியும் சேரும். ஒயில் நன்றாகச் சூடானால்தான் இரண்டும் ஆவியாகி வெளியேறும். இது சின்ன விசயமில்லை. ஹொண்டாவின் 1.5 லீற்றர் டேர்போ எஞ்சினில் குளிர்ப் பிரதேசங்களில் பெற்றோல் ஒயிலோடு கூடுதலாகக் கலந்தது. 2018இல் சீனாவில் புதிய சிஆர்-வி விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். கனடாவிலும் அந்தக் கொம்பனி அந்தப் பிரச்சினைக்குத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்போது கராஜில் விற்கும் தீர்வுகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: நீ அந்த இடத்துக்குப் போகிறாயா?

முதலாவது, பெற்றோல் டாங்கில் ஊற்றும் போத்தல். நல்லது என்றால் இன்ஜெக்டர் வாயைச் சுத்தமாக்கும். ஆனால் நேரடி இன்ஜெக்சன் காரில் அது டாங்கிலிருந்து இன்ஜெக்டர் வழியாக நேரே சிலிண்டருக்குள் போகிறது. வால்வின் முதுகை அது காணவே காணாது. கழுவும் இரசாயனம் கூடிய "டொப் டியர்" பெற்றோலுக்கும் இதே எல்லைதான். 2016இல் டிரிபிள் ஏ செய்த சோதனையில், டொப் டியர் இல்லாத பெற்றோல் சராசரியாக 19 மடங்கு கூடிய படிவை விட்டது. அதனால் அதை அடியுங்கோ. கொஸ்ட்கோ பெற்றோலும் அந்தத் தரம்தான். ஆனால் நேரடி இன்ஜெக்சன் வால்வை அது காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

இரண்டாவது, ஹைட்ரஜன் சுத்தம். எஞ்சினை ஓடவிட்டு, காற்று வழியால் ஹைட்ரஜன் கலந்த வாயுவை அனுப்புவார்கள். அது எரிவது எங்கே? வால்வு மூடிய பிறகு, சிலிண்டருக்குள். வால்வின் முதுகைக் கடக்கும்போது அது எரியாத வாயு. அங்கே இருக்கும் காய்ந்த படைக்கு அதனால் என்ன நடக்கும் என்று விற்கிறவர்தான் படம் எடுத்துக் காட்டவேண்டும்.

மூன்றாவது, காற்று வழியில் அடிக்கும் ஸ்பிரே. இது வால்வின் முதுகுக்குப் போகிறது, மறுக்கவில்லை. மெல்லிய படிவுக்கு உதவலாம். தடித்த படையை முழுசாக எடுக்காது.

நான்காவது, வால்நட் கோதை அரைத்த தூள். காற்றுக் குழாய்த் தொகுதியைக் கழற்றி, அந்தச் சிலிண்டரின் வால்வு மூடியிருக்கும்படி எஞ்சினைத் திருப்பி நிறுத்தி, காற்றழுத்தத்தில் தூளை அடித்து, கூடவே உறிஞ்சி எடுப்பார்கள். கோது கரியைவிடக் கடினம், உலோகத்தைவிட மெது. பிஎம்டபிள்யூ டீலர்களே செய்கிற முறை இது. பல மணி நேர வேலை, பல நூறு டொலர். ஆனால் கரி இருக்கும் இடத்துக்கு நேரே போகிற வேலை.

உங்கட காருக்கு இதெல்லாம் தேவையா என்பது அடுத்த கேள்வி. எங்கட ஆட்கள் கோயில் திருவிழாவுக்கு நிரை நிரையாகக் கொண்டுவந்து நிறுத்தும் 2010களின் கொரோலா செடான், 1.8 லீற்றர் எஞ்சின், பழைய முறையில் வால்வைக் குளிப்பாட்டும் கார். 2020 செடானில் வந்த 2 லீற்றர் எஞ்சினில் இரண்டு வகை இன்ஜெக்டரும் உண்டு. டொயோட்டா இந்த இரட்டை முறையை 2005 அளவிலேயே கொண்டுவந்துவிட்டது. ஃபோர்ட் 2017இல் எஃப்-150 இன் 3.5 லீற்றர் எஞ்சினில் சேர்த்தது. பக்கை மூலத்திலேயே திருத்திய கொம்பனிகள் இருக்கின்றன என்பது இதன் பொருள்.

போன விண்டரில் அப்பாவின் 2014 கொரோலாவுக்கு ஒரு கராஜில் வால்வுக் கரி எடுக்கும் வேலை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் எஞ்சின் நடுங்குகிறது என்பதுதான் முறைப்பாடு. நான் கேட்டது, "எந்தச் சிலிண்டர், என்ன கோட்?" பதில் வரவில்லை. வீட்டில் முப்பது டொலர் ஓபிடி ரீடரைக் குத்திப் பார்த்தால் பி0302, இரண்டாவது சிலிண்டர் மட்டும். கரி நாலு சிலிண்டருக்கும் பொது. ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்துத் தண்டிப்பது குறைவு. கொயிலை மற்றச் சிலிண்டருக்கு மாற்றினோம், கோட்டும் கூடவே போனது. கொயில்தான் குற்றவாளி. அப்பா சிரித்துக்கொண்டு, "எங்கட காலத்தில் பிளக்கைத்தான் முதலில் கழற்றுவம்" என்றார். அவருக்கு முறை தெரியும். காட்டச் சொல்லிக் கேட்கிற துணிவைத்தான் இந்த நாட்டுக் கவுண்டர் அவரிடமிருந்து எடுத்துவிட்டது.

நாங்கள் வேலையில் லொக் பார்க்காமல் சேர்வரை மாற்றமாட்டோம். காரிலும் லொக் இருக்கிறது. கோட்டை அழிக்கும் முன்னே படம் எடுத்து வையுங்கோ. அழித்தால் சாட்சியும் போய்விடும். கியூபெக்கில் 2023 ஒக்டோபரில் நிறைவேறிய, திட்டமிட்டுப் பழுதாக்குவதற்கு எதிரான சட்டம், வாகனத்தைத் திருத்தத் தேவையான தரவு சொந்தக்காரருக்கும் கிடைக்கவேண்டும் என்கிறது. அதற்கு முன்னிருந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பலமானது. 100 டொலருக்கு மேற்பட்ட திருத்தத்துக்கு வேலை தொடங்கும் முன்னே எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். அது வேண்டாம் என்றால், நீங்களே முழுவதும் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும். செய்த வேலைக்கு மூன்று மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

மெக்கானிக்மாரைக் கள்ளர் என்று நான் சொல்லவரவில்லை. மறை இருபதில் காருக்குக் கீழே படுக்கிற வேலை அது. லட்சம் கிலோமீற்றர் ஓடிய நேரடி இன்ஜெக்சன் காரில் வால்வுகள் அடுப்புக்கரி மாதிரி இருக்கலாம். அப்போது சுத்தம் செய்யத்தான் வேண்டும், கேட்ட காசையும் கொடுக்கத்தான் வேண்டும். நல்ல மெக்கானிக் சின்னக் கமராவை உள்ளே விட்டுப் படம் காட்டுவார். கேள்வி கேட்டால் அவருக்குக் கோபம் வராது. சில பேர், "எங்கட ஆளின்ர கராஜ், போய்க் கேள்வி கேட்கிறதோ?" என்பார்கள். எங்கட ஆள் என்றால் படம் காட்டுவது இன்னும் சுகம், இல்லையோ?

கரி ஏறாமல் பார்ப்பதற்குப் பெரிய மந்திரம் இல்லை. கையேட்டில் சொன்ன தரத்து ஒயில். குளிரில் குறுந்தூர ஓட்டத்தைக் கையேடுகள் கடும் பாவனை என்று வகைப்படுத்தும். ஒயில் மாற்றும் இடைவெளியை அதற்கேற்பக் குறையுங்கோ. கிழமைக்கு ஒரு தரமாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடி ஒயிலைச் சூடாக்குங்கோ. டோலார்-டெ-ஓர்மோ முருகன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போய்வந்தாலே கணக்குச் சரி.

கராஜுக்கு அப்பா தனியே போகிற நாளும் வரும். இந்த மூன்றையும் தமிழிலும் பிரெஞ்சிலும் அவரின்ர போனில் எழுதி வையுங்கோ. ஒன்று, என்ன கோட் வந்தது? இரண்டு, இந்த எஞ்சின் நேரடி இன்ஜெக்சனா, பழைய முறையா, இரண்டுமா? மூன்று, கரி இருக்கிற இடத்தின் படம், சுத்தம் செய்ய முன்னும் பின்னும். இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் காசு கொடுக்கலாம். வராவிட்டால் திறப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரலாம்.