மன்னிப்பு யார் கணக்கில்?

ஆபீஸ் கேன்டீனில் வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கிண்டல் வந்துவிடும். "உங்களுக்கென்ன சார், ஆறு நாள் பாவம் பண்ணலாம், ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு சாரி சொன்னால் போதும், கணக்கு நேர்!" பெரும்பாலும் மார்ச் மாதக் கடைசியில், புத்தகங்களை முடிக்கிற நேரத்தில்தான் வரும். நானும் சிரித்துக்கொண்டே சமோசாவை முடித்துவிடுவேன் :-)

கிண்டல் செய்பவர்களுக்கு ஒரு தகவல். கத்தோலிக்கர்களின் பாவசங்கீர்த்தனத்தில்கூட, குரு மன்னிப்பு கொடுத்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. திருடியவன் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவதூறு சொன்னவன் கெடுத்த பெயரைச் சரிசெய்ய முயல வேண்டும். அவர்களுடைய மறைக்கல்வி நூலிலேயே இருக்கிறது.

ஆனால் என் கோபம் அவர்கள் மேல் இல்லை. அவர்கள் வெளியே இருந்து சொல்கிறார்கள். அந்தக் கிண்டலை உண்மையாக்கிக் காட்டும் நம்மவர்கள் மேல்தான்.

ஊரை விட்டு வந்த தமிழர்கள் பத்து, பதினைந்து குடும்பம் சேர்ந்தால் ஒரு ஜெபக்கூட்டம் உண்டாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். புவனேஸ்வரிலும் அப்படித்தான். நல்ல விஷயம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருவதும், ரயில் டிக்கெட் கிடைக்காதபோது உதவுவதும் இந்தக் கூட்டம்தான். இங்கே சில மாதங்களுக்கு முன் ஒருவர் சாட்சி சொன்னார். நம்மவர்களிடமே சீட்டுப் பிடித்து, பாதியில் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போனவர். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து, கர்த்தர் தன்னைத் தொட்டார், எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார் என்று அழுதார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். மகளின் காலேஜ் ஃபீஸுக்காக 2 லட்சம் கட்டி ஏமாந்த ஒரு அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "பிரதர், அந்தப் பணம்?"

அவ்வளவுதான். "சிஸ்டர், உங்களுக்குள்ள கசப்பின் வேர் இருக்கு. ஜெபம் பண்ணுங்க" என்று மூப்பர் ஒருவர் ஆரம்பித்தார். அதோடு விட்டாரா? "இதே ஒடிசாவில கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா புருஷனையும் ரெண்டு பிள்ளைகளையும் எரிச்சவங்களையே மன்னிச்சாங்க. நீங்க போயும் போயும் பணத்துக்காக..." அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் பாட்டுக்குப் போய்விட்டது.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் பெயரை இப்படிப் பயன்படுத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1999 ஜனவரி 22 நள்ளிரவு, கியோஞ்சர் மாவட்டம் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸும் 10 வயது பிலிப்பும் 6 வயது திமோத்தியும் தூங்கிக்கொண்டிருந்த வண்டியோடு எரிக்கப்பட்டார்கள். கிளாடிஸ் மன்னித்தார், உண்மை. 2004 வரை பாரிபதாவிலேயே இருந்து தொழுநோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார். ஆனால் மன்னிப்பு வேறு, சட்டம் தன் வேலையைச் செய்வது வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வழக்கு நடந்தது. 2003-ல் கீழ்க்கோர்ட் தாரா சிங்குக்குத் தூக்கு விதித்தது, 2005-ல் ஹைகோர்ட் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011-ல் சுப்ரீம் கோர்ட் ஆயுளை உறுதி செய்தது. கூடவே தண்டனை பெற்ற மகேந்திர ஹெம்பிரம் சிறையிலிருந்து வெளியே வந்தது 2025 ஏப்ரலில்தான். அந்த அம்மாவின் மன்னிப்பு யாருடைய தண்டனைக் காலத்தையும் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை.

இன்னொன்று. அந்த மன்னிப்பு அவருடையது. அவரே கொடுத்தது. கொன்றவன் சார்பில் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து "எப்போ மன்னிக்கப் போறீங்க?" என்று அவரிடமிருந்து வசூல் செய்யவில்லை.

பி.காம். படித்துவிட்டு இருபது வருடமாகக் கடன் கணக்கு பார்ப்பவன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் புரிகிறது. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் மத்தேயு, பாவம் என்று எழுதாமல் கடன் என்றுதான் எழுதுகிறார். சரி, கடனாகவே பார்ப்போம். நாங்கள் ஒரு வாராக்கடனை 'ரைட் ஆஃப்' செய்தால் பேப்பர்காரர்கள் தள்ளுபடி என்று எழுதிவிடுவார்கள். தள்ளுபடி இல்லை. பேங்க் தன் ஏட்டைச் சுத்தம் செய்துகொள்கிறது, வாங்கியவன் வாங்கியவன்தான், வசூல் தொடரும். நிஜத் தள்ளுபடி வேறு. 2008-ல் விவசாயக் கடன் தள்ளுபடி வந்ததே, அப்போது விவசாயி கட்ட வேண்டியதை மத்திய அரசு பேங்குகளுக்குக் கொடுத்தது. கடன் காற்றில் கரையவில்லை, வேறொருவர் தலையில் ஏறியது. இரட்டைப் பதிவில் ஒரு பக்கம் மட்டும் எழுதி மூட முடியாது. சிலுவையைப் பற்றி சபை இரண்டாயிரம் வருடமாகச் சொல்வதும் இதைத்தானே? இலவசம் என்பது வாங்குகிறவனுக்கு, கொடுத்தவருக்கு இல்லை.

ஆக, தேவனுக்கு விரோதமான கடனைத் தேவன் தள்ளுபடி செய்யட்டும். அந்த அக்காவின் 2 லட்சம் அந்த அக்காவின் ஏட்டில் இருக்கிறது. அதைத் தள்ளுபடி செய்ய மூப்பருக்கு என்ன அதிகாரம்? என் கிளைக் கணக்கைப் பக்கத்துக் கிளை மேனேஜர் மூட முடியுமா?

உடனே மத்தேயு 18-ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் தன் உடன் ஊழியக்காரனின் நூறு வெள்ளிப்பணத்துக்குக் கழுத்தைப் பிடித்த கதை. நியாயமான கேள்விதான், தட்டிக்கழிக்க மாட்டேன். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியென்றால் ராஜா தன் கஜானாவிலிருந்து விட்டுக்கொடுத்தது 6 கோடி நாள் கூலி. எந்தக் கடனாளியும் கட்ட முடியாத தொகை. நூறு வெள்ளிப்பணமோ மூன்று மாதத்துக்கு மேலான சம்பளம். அதை அற்பம் என்று அந்தக் கதை சொல்லவில்லை. அதைவிட முக்கியம், அந்தச் சின்னக் கடன்காரன் என்ன செய்தான்? காலில் விழுந்து, பொறுத்துக்கொள்ளும், கொடுத்துத் தீர்க்கிறேன் என்றான். "ராஜாவே மன்னிக்கிறவர், நீ யார் கேட்க?" என்று சொல்லவில்லை. நம் சாட்சிக்காரர் சொன்னது அதுதான்.

சகேயுவை விட்டுவிடுவார்கள். ஞாயிறு பள்ளியில் மரம் ஏறிய குள்ளனாக மட்டும் பாட வைத்து அனுப்பிவிடுவார்கள். லூக்கா 19-ஐத் திறந்து பாருங்கள். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை என்று அவன் வாயால் தொகை சொன்ன பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தை வருகிறது. அவன் இரட்சிப்பை விலைக்கு வாங்கினான் என்று சொல்ல வரவில்லை. அவன் வீட்டுக்கு இயேசுவே முதலில் வலிய வந்துவிட்டார். வந்தது தெரிந்ததும் அவன் கை பணப்பைக்குப் போனது. நம்மவர் கை மைக்குக்குப் போகிறது.

ஹிட்லரின் ஜெர்மனியில் போன்ஹோஃபர் என்ற பாஸ்டர், மனந்திரும்புதல் இல்லாமல் விநியோகிக்கப்படும் மன்னிப்புக்கு 1937-லேயே மலிவான கிருபை என்று பெயர் வைத்தார். 1945-ல் அவரைத் தூக்கில் போட்டார்கள். நம் கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மன்னிப்பே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஏழைகளை வட்டிக்காரர்களிடமிருந்து மீட்கப் பாடுபட்ட கேரளத்து கன்னியாஸ்திரீ ராணி மரியாவை, 1995 பிப்ரவரியில் ஓடும் பஸ்ஸில் குத்திக் கொன்றவர் சமுந்தர் சிங். 2002-ல் ராணி மரியாவின் தங்கை, அவரும் கன்னியாஸ்திரீதான், சிறைக்கே போய் அவர் கையில் ராக்கி கட்டினார். அவருடைய விடுதலைக்குக் குடும்பமே ஆதரவாக நின்றது, 2006-ல் வெளியே வந்தார். தான் செய்ததை அவர் மூடி மறைக்கவில்லை, வருந்தினார். இழந்த குடும்பம் கொடுத்தது, அதனால் அது செல்லும்.

பின்னூட்டத்தில் திட்ட நினைக்கும் மூப்பர்கள் தாராளமாகத் திட்டலாம், அழிக்க மாட்டேன். சகேயுவின் அந்த நாலத்தனைக்கு மட்டும் முதலில் பதில் எழுதிவிடுங்கள்.