மதிப்பெண் ஏறினால் மூளை தேறிவிட்டதா?

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது, மருத்துவர்கள் பலரிடமும்தான். ஒரே அறிதிறன் சோதனையைத் திரும்பத் திரும்ப வைத்தால் போதுமாம். மதிப்பெண் ஏறினால் மருந்து வேலை செய்கிறது, இறங்கினால் மூளை தேய்கிறது. தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்ப்பதுபோல. இது தவறு.

அதிகம் வைக்கப்படும் எஸ்.டி.எம்.டி. சோதனையையே பாருங்கள். தாளின் தலைப்பில் ஒன்பது குறிகள், அவற்றுக்கு நேரே 1 முதல் 9 வரை எண்கள். கீழே வரிவரியாகக் குறிகள் மட்டும். 90 விநாடிக்குள் எத்தனை குறிக்குச் சரியான எண் சொல்கிறீர்களோ அதுதான் மதிப்பெண். முதல் தடவை வருபவர் ஒவ்வொரு குறிக்கும் தலைப்பைத் தேடுவார். அடுத்தடுத்த தடவைகளில் சில ஜோடிகள் மனப்பாடமாகியிருக்கும், பதற்றமும் போயிருக்கும். மாதந்தோறும் நடாலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்தை ஏற்றிக்கொள்ள வந்தவர்களிடம் இதை வைத்துப் பார்த்தபோது மதிப்பெண் தடவைக்குத் தடவை ஏறியது. மருந்தின் புண்ணியமா, பழக்கத்தின் புண்ணியமா? மூன்று விநாடிக்கு ஓர் எண்ணைக் கேட்டு, முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்லும் பாசாட் சோதனையிலும் இதே கதைதான்.

'மறுசோதனை நம்பகம் 0.9 இருக்கிறதே' என்பார்கள். இருக்கட்டும். முதலில் அதிகம் வாங்கியவர் அடுத்த முறையும் அதிகம் வாங்குகிறார் என்பதற்குமேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. எல்லோருக்கும் ஐந்து புள்ளி கூடினாலும் அது அசையாது. திட்ட விலக்கம் 10, நம்பகம் 0.9 என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒருவரின் இரண்டு மதிப்பெண்களுக்கு இடையே 8 புள்ளி வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடும். ஆனால் 4 புள்ளி மாறினாலே பொருளுள்ள மாற்றம் என்று தீர்ப்பெழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. முந்தைய இரவு தூங்காதவருக்கு 4 புள்ளி எம்மாத்திரம்?

வீண் பயத்தைவிட வீண் ஆறுதல்தான் கொடுமை. பழக்கம் ஐந்து புள்ளி ஏற்ற, நோய் ஐந்து புள்ளி இறக்கினால் அறிக்கை 'மாற்றமில்லை' என்று சொல்லும். அலுவலகத்தில் நாளுக்கு நாள் தடுமாறுகிறவரிடம் 'டெஸ்ட் நார்மல்தானே' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. குறிகளை மாற்றியமைத்த வேறு தாள்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். ஓரிரு ஒத்திகைக்குப் பிறகு வரும் மதிப்பெண்ணைத் தொடக்கமாகக் கொள்ளலாம். அதற்குச் சில நிமிடங்கள்தான் கூடுதல்.

அடுத்த அறிக்கை கைக்கு வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எத்தனையாவது தடவை, போன தடவை வைத்த அதே தாளா, எத்தனை புள்ளி மாறினால் மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள்?