ரலி சைக்கிளைச் சுவரில் மாட்டாதீர்கள்



கொஞ்ச நாளாக முகநூலைத் திறந்தாலே பழைய சைக்கிள்தான். "ஃபுல் ரெஸ்டோர், நியூ பெயின்ட், உண்மையாக வாங்க விருப்பமுள்ளவர்கள் மட்டும் இன்பொக்ஸ் வரவும்." கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். ரலிக்குக் கார் பெயின்ட் அடித்து, கண்ணாடி மாதிரி மினுக்கி, கலியாணப் படம் எடுக்க வாடகைக்கு விடுகிறார்கள். இன்னொன்று சாப்பாட்டுக்கடைச் சுவரில் தொங்குகிறது, செயினே இல்லை. இதைத்தான் "பாரம்பரியத்தைப் பாதுகாத்தல்" என்று எழுதுகிறார்கள். பழைய இரும்புக்காரருக்கு நிறுத்து விற்றவரையாவது மன்னிக்கலாம், அவருக்கு அன்றைக்குக் காசு தேவைப்பட்டிருக்கும்.

எங்கள் வாப்பாமார் இந்தச் சைக்கிளை அழகுக்கு வாங்கவில்லை. வட்டைக்குப் போனது இதில்தான். நெல் மூடை, மீன் பெட்டி, பாண் பெட்டி, முன்னால் பாரில் ஒரு பிள்ளை, பின்னால் கெரியரில் இன்னொரு பிள்ளை, எல்லாவற்றையும் இழுத்தது இதுதான். நொட்டிங்ஹாமில் செய்த அந்த இரும்புச் சட்டம் கிரவல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கியே அறுபது வருடம் நின்றது. அதைக் கொன்றது ரோடு இல்லை, நாங்கள் மூலையில் சாத்தி வைத்த பிறகு வந்த கடற்காற்றும் உப்பும்தான்.

"சேர், ஓட்டினால் தேய்ந்துவிடுமே" என்று ஒரு தம்பி கேட்டார். எது தேயும்? டயர், செயின், பிரேக் கட்டை, போல்ஸ், கொட்டர் பின். எல்லாம் மாற்றுவதற்கென்றே செய்தவை. 28க்கு 1½ டயர் இந்தியாவிலிருந்து இன்றும் வருகிறது. திரும்ப வராதது எது தெரியுமா? மட்காட்டில் இருந்த மெல்லிய தங்கநிறக் கோடும் சட்டத்தில் இருந்த பழைய எழுத்தும். அதைத்தான் நீங்கள் முதலாவதாக உரஞ்சி எடுக்கிறீர்கள். பிறகு ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள். கொக்குச் சின்னம் புதிதாக வாங்கி வேறு சைக்கிளில் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்குகிறவருக்கு நொட்டிங்ஹாமா அசன்சோலா என்று தெரியாது. அது வியாபாரம் இல்லை, ஏமாற்று.

திருத்துவதென்றால் வேறு வேலை. மண்ணெண்ணெயும் பழைய துணியும் பொறுமையும்தான் முதலில் வேண்டும். துருவின் கீழே பாதிப் பெயின்ட் உயிரோடு இருக்கும், அதை விட்டுவிட வேண்டும். கொட்டர் பின்னைக் கீழே முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் அடித்தால் அச்சில் பள்ளம் விழும். நடு அச்சின் கப்பில் ரலிக்காரர் தங்களுக்கென்று அங்குலத்துக்கு 26 புரி வெட்டினார்கள், மற்றவர்கள் 24. அளவு பார்க்காமல் வேறு கப்பை இறுக்கினால் சட்டமே போய்விடும். ஸ்டேர்மி-ஆச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் செய்த வருடம் அதன் மேலேயே வெட்டியிருக்கும். இறுகிப்போனதென்று எறியாதீர்கள், எண்ணெய் விட்டு ஒரு கிழமை வையுங்கள். ஆனி, ஆடிக் கச்சான் காற்றை எதிர்த்து மிதிக்கும்போது அந்த முதல் கியரின் அருமை தெரியும். நேர் கியரை விட கால்வாசி இலகு.

இதெல்லாம் எங்கள் சைக்கிள் கடைக் காக்காமாருக்குக் கைப்பாடம். முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின்னுக்கு 40 என்று கண்ணை மூடிக்கொண்டு கோர்ப்பார்கள். அவர்களுக்கு வேலை வருவது ஓடுகிற சைக்கிளிலிருந்துதான். சுவரில் தொங்குகிற சைக்கிளுக்குப் பஞ்சர் விழாது. பெயின்ட் அடிக்கிறவருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம், ரிம் நெளிவெடுத்தவரிடம் இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். அந்தக் கடைகளில் இப்போது தொழில் பழகப் பையன்களும் இல்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மாரி மழையில் இந்தக் கம்பிப் பிரேக் நம்பத்தக்கதல்ல, நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை வழுக்கும். மழைக்கு மெதுவாகப் போக வேண்டும், அல்லது இறங்கி உருட்ட வேண்டும். பாடசாலைப் பிள்ளைக்குக் கொடுப்பதானால் பிரேக்கை முதலில் பாருங்கள், பெல்லையும் டைனமோவையும் பிறகு பாருங்கள்.

பிள்ளை என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. ரலி படத்துக்கு லைக் போடுகிற அதே வாப்பா, லைசன்ஸ் எடுக்கும் வயது வராத மகனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுக்கிறார். "சைக்கிளில் போனால் பொடியனுக்கு வெட்கம்" என்கிறார். வெட்கம் பொடியனுக்கா, உங்களுக்கா? டியூஷன் முடிகிற நேரம் பிரதான வீதியில் நின்று பாருங்கள், மூன்று பேர், ஹெல்மட் இல்லை. எத்தனை ஜனாஸாவுக்குப் பிறகு யோசிப்போம்?

2022ஐ மறந்துவிட்டோமா? ஜூன் கடைசியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய். அந்த விலை கொடுக்கவும் இரவு பகலாக வரிசை. அப்போது கொல்லையில் கிடந்த சைக்கிளை எல்லாரும் தூசி தட்டினோம். அதிகாரிகளும் ஓட்டினார்கள், ஹாஜியார்மாரும் ஓட்டினார்கள், ஒருவருக்கும் கௌரவம் குறையவில்லை. கியூஆர் கோட் வந்தது, வரிசை குறைந்தது, சைக்கிள் திரும்பக் கொல்லைக்குப் போனது. வசதியானவர்களுடையது சுவருக்குப் போனது.

காசு உங்களுடையது, சைக்கிளும் உங்களுடையது. ஆனாலும் ஓடக்கூடிய ஒன்றை ஓடவிடாமல் நிறுத்தி, அதற்கு மினுக்கமும் பூசுவது இஸ்ராஃப் இல்லையென்றால் வேறென்ன என்று எனக்கு விளங்கவில்லை. யாராவது உலமா விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தரம் 10 மாணவன் ஒருவன், நடந்துதான் பாடசாலைக்கு வருகிறான், ஒரு வழிக்கு மூன்று மைல். வீட்டில் மூத்தாப்பாவின் ஹம்பர் இருக்கிறது. அந்த இரட்டைக் கம்பி முன் ஃபோர்க் இன்னும் நேராக நிற்கிறது. அச்சு, செயின், பிரேக் எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. பின் ரிம் மட்டும் துருவில் ஓட்டையாகிவிட்டது. 28 அங்குலம், 40 துளை. புதியது தேடினேன், 36 துளைதான் கிடைக்கிறது, அந்த ஹப்புக்குப் பொருந்தாது. சுவரில் இரண்டு மூன்று தொங்கவிட்டிருக்கிற சகோதரர்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். ஒரு பின் சக்கரம் கழற்றித் தாருங்கள், விலை சொன்னால் நான் தருகிறேன். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன்.