விசிறியிலிருந்து தொடங்குங்கள்

ஆடி பிறந்தால் திண்டுக்கல் சமவெளியில் மாடல் விமானம் விடுகிறவர்களுக்குச் சோதனைக் காலம். சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவே வீசுகிற காற்றை எதிர்த்து மூன்று செல் பேட்டரியில் முன்னேற முடியாமல் தெர்மாகோல் விமானம் ஒரே இடத்தில் தத்தளிக்கும். "நாலு செல் பேட்டரி மாட்டிடலாம்ணே, ஈ.எஸ்.சி. 30 ஆம்பியர்தான், தாங்கும்" என்பார்கள் பையன்கள். அந்த இடத்தில் நான் குறுக்கே நிற்க விரும்புகிறேன்.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.மேல் எழுதியிருக்கும் 30, அது மோட்டாருக்குத் தள்ளும் மின்சாரத்தின் அளவு அல்ல. அது தாங்கக்கூடிய எல்லை. எவ்வளவு மின்சாரம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது விசிறியும் வோல்ட்டும். நம் கல்லூரி மாணவர்கள் பலரிடமும் இருப்பது ஏ2212 மோட்டார், 1000 கே.வி. ஒரு வோல்ட்டுக்கு, சுமையில்லாமல், நிமிடத்துக்கு 1000 சுற்று என்று அர்த்தம். மூன்று செல்லுக்கு 11.1 வோல்ட், நான்கு செல்லுக்கு 14.8. மூன்றில் ஒரு பங்குதானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் விசிறி காற்றை வெட்டும்போது மின்னோட்டம் வேகத்தின் இருமடி கணக்கில் ஏறும், சக்தி மும்மடி கணக்கில் ஏறும். பத்து அங்குல விசிறியோடு 12 ஆம்பியர் இழுத்த மோட்டார் 21 ஆம்பியர் இழுக்கும். சக்தி இரண்டேகால் மடங்கைத் தாண்டிவிடும். 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. அதைத் தாங்கும், உண்மைதான். அந்தச் சின்ன மோட்டார் தாங்காது. சுருளின் எனாமல் கருகிய வாசனை வந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

நாலு செல்லே கூடாது என்று சொல்ல வரவில்லை. விசிறியை மாற்றாமல் பேட்டரியை மட்டும் மாற்றாதீர்கள் என்கிறேன். சுழல் வேகமும் பிட்சும் (ஒரு சுற்றில் விசிறி முன்னேற வேண்டிய தூரம்) ஒன்றே என்றால், விசிறி கேட்கும் சக்தி அதன் விட்டத்தின் நான்மடியைப் பொறுத்தது. 10 அங்குலத்தை 8 ஆக்கினால் தேவை ஏறத்தாழ நூற்றுக்கு 41 ஆகக் குறையும். நாலு செல்லால் கூடிய இரண்டேகால் மடங்கோடு பெருக்கிப் பாருங்கள், பழைய சக்திக்கே வந்து நிற்கும்! வோல்ட் கூடியதால் ஆம்பியர் முன்பைவிடக் குறைந்தே இருக்கும். பிட்ச் அதே நாலரை அங்குலமாக இருந்தால், விசிறி பின்னுக்குத் தள்ளும் காற்றின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரிலிருந்து 73 வரை போகும். ஆடிக் காற்றுக்குத் தேவை இந்த வேகம்தான். உந்துவிசை பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் விமானம் காற்றைக் கிழித்துப் போகும். எனக்கு இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தருகிறது.

யாரும் எட்டிப் பார்க்காத இன்னொரு பகுதி ஈ.எஸ்.சி.க்குள் இருக்கிறது: ரிசீவருக்கும், விமானத்தைத் திருப்பும் மடல்களை அசைக்கிற சர்வோக்களுக்கும் 5 வோல்ட் கொடுக்கும் பி.இ.சி. விலை குறைந்தவற்றில் இது மிச்ச வோல்ட்டையெல்லாம் சூடாக்கித் தீர்க்கும் வகை. சர்வோக்கள் ஒரு ஆம்பியர் இழுத்தால், முழுதாகச் சார்ஜ் ஏறிய மூன்று செல்லில் 7.6 வாட் சூடு, நான்கு செல்லில் 11.8 வாட். காற்றுப் புகாத தெர்மாகோல் உடலுக்குள், சித்திரை வெயிலில், நகத்தளவு சிப் அதைச் சுமக்க வேண்டும். அது சுருண்டால் மோட்டார் மட்டும் நிற்பதில்லை, ரிசீவரும் செத்துவிடும். கையில் ரிமோட் இருந்தும் விமானம் நம்முடையதல்ல. கீழே ஆடு மேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் நாலு செல்லுக்குப் போகிறவர்கள் ஸ்விட்சிங் வகை பி.இ.சி.யைத் தனியாக வைத்து, ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்குப் போகும் சிவப்பு ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

நடிகர் அஜித்குமாரைப் பார்த்துத்தான் விமானம் விடும் ஆசை வந்தது என்கிறார்கள் பலர். நல்ல ஆசைதான். அவர் ஆலோசகராக இருந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவின் மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. ஆளில்லா விமானத்தைத் தொலைவுக்கு அனுப்பித் திருப்பிக் கொண்டுவரும் போட்டி அது. எடை, மின்சாரம், நேரம் எதிலும் உத்தேசத்துக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது பேட்டரி வாங்கும் முன் ஒரு வாட் மீட்டர் வாங்குங்கள். நண்பர்கள் நாலு பேருக்கு ஒன்று போதும். பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவில் மாட்டி, விமானத்தை இறுக்கிக் கட்டி, விசிறிக்கு நேராக யாரும் நிற்காமல், முழு வேகத்தில் பத்து விநாடி ஓட்டுங்கள். பறக்கும்போது விசிறியின் சுமை இளகும், ஆகவே தரையில் காட்டுவதே பெரும்பாலும் உச்சம். அந்த ஆம்பியர் மோட்டாரின் எல்லைக்குள்ளும், ஈ.எஸ்.சி.யின் எல்லையில் முக்கால் பங்குக்குள்ளும் இருக்கட்டும். பழைய பேட்டரி என்றால் எவ்வளவு மின்னோட்டம் தரமுடியும் என்று அதன்மேல் அச்சிட்ட 'சி' எண்ணை நம்பாமல், வோல்ட் எவ்வளவு சரிகிறது என்றும் பாருங்கள்.