"நல்லாயிருக்கா?" என்று கேளாதீர்கள்



காணாமற்போன தகப்பனைப் பற்றி என் பெறாமகள் றொக் பாடலொன்று எழுதி, வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்தாள். கேட்டவர்கள் "நல்லாயிருக்கு" என்றார்கள். அதை வைத்து எதைத் திருத்துவது? எழுதியவளுக்கோ வரிகள் மனப்பாடம். விடுபட்டதை அவள் காதே நிரப்பிவிடும்.

"விளங்கின வரிகளை எழுதித் தாங்கோ" என்று அயலவர் மூவரிடம் கேட்கச் சொன்னேன். தகப்பனின் பெயர் வரும் வரி மூவரிடமும் இல்லை.

குரலில் சொற்களைத் தெளிவாக்கும் 1,000 முதல் 4,000 ஹேட்ஸ் வரையான பகுதியில் கிற்றாரும் பலமாக ஒலித்தால், சொல் மறைந்துவிடும். குரலைக் கூட்டாமல், அந்தப் பகுதியில் கிற்றாரைச் சற்றுக் குறைத்தாள். கைத்தொலைபேசியில், சத்தத்தைத் தணித்தும் கேட்டுப் பார்த்தாள்.

பாடலை முன்பு கேட்டிராத ஒருவரிடம் கொடுத்தோம். பெயரையும் எழுதினார்.

நீங்கள் உங்கள் கதையைச் சொல்லும்போதும் "என்ன விளங்கியது?" என்றே கேளுங்கள்.