கழல மறுக்கும் நட்டு

பழைய வானொன்றை வைத்துக் காலந்தள்ளும் குடும்பங்கள் நம் நாட்டிற் பல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் வழி திறக்கும்வரை, இருந்ததையே பழுதுபார்த்து ஓட்டினோம். அத்தகைய வானின் அடியிற் புகுந்து பார்ப்போர் முதலிற் சந்திக்கும் பகைவன், புகைக்குழாயைப் பிணைத்து நிற்கும் நட்டுத்தான். அது நட்டா, துருக்கட்டியா என்று ஐயுறும் கோலத்திற் காணப்படும்.

ஏனைய நட்டுகள் எளிதிற் கழல, இது மட்டும் ஏன் இவ்வாறு இறுகுகின்றது? ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் பிறக்கின்றதென்றால் மாணவர்கள் வியப்படையலாம். எரிபொருளிலுள்ள ஐதரசன் காற்றின் ஒட்சிசனோடு சேர்வதன் விளைவு அது. சந்தைக்கும் பாடசாலைக்குமாகச் சிறுதூரமே ஓடும் வானிற் குழாய் நன்கு சூடேறுமுன் இயந்திரம் நிறுத்தப்படுவதால், அந்நீர் உள்ளேயே தங்குகின்றது. வெளியே மழைச்சேறு, கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் உண்டு. சூடு பலநூறு பாகைக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருத்தலால் தொழிற்சாலையிற் பூசிய காப்பெல்லாம் கருகி ஒழிகின்றது. இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைவிடக் கூடிய இடத்தை அடைத்துக்கொள்ளும். புரிகளுக்கிடையே அவ்வாறு பருத்த துரு, ஆப்பு வைத்தாற்போல நட்டைப் பற்றிக்கொள்கின்றது.

இதனை அறிந்தவன் ஸ்பனரில் நீண்ட குழாயை மாட்டி இழுக்கமாட்டான். இழுத்தால் நட்டுக் கழலாது, ஸ்டட் முறியும். அது இயந்திரத் தலையோடு சமமாக முறிந்துவிட்டால் பத்து நிமிட வேலை இரண்டுநாள் வேலையாகிவிடும்.

ஆகவே வேலையை முதல்நாள் மாலையிலேயே தொடங்குக. வெளியே தெரியும் புரிகளைக் கம்பித் தூரிகையாற் சுரண்டி, துரு நெகிழ்த்தும் எண்ணெயை இட்டு இரவு முழுதும் ஊறவிடுக. பலரும் கையில் எடுக்கும் டபிள்யூ டி 40 என்பது, 1953 இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நீரை விலக்குவதற்கென்று ஆக்கப்பட்ட சரக்கு; நாற்பதாம் முயற்சியிற் கைகூடியதால் அப்பெயர். இவ்வேலைக்கென்றே விற்கப்படும் ஊடுருவும் எண்ணெய் இன்னும் நன்று.

மறுநாள் ஆறுமுகமுள்ள சொக்கெற்றையே மாட்டுக. பன்னிரு முகத்தது மூலைகளை மழுக்கிவிடும். அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றர்ச் சாவி பொருந்துவதுபோலத் தோன்றும். அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர், அந்த 0.3 மில்லிமீற்றர் வித்தியாசமே நட்டை உருண்டையாக்கப் போதுமானது. முதலிற் சற்றே இறுக்கும் பக்கமாகத் திருப்புக. மயிரிழை அசைந்தாலும் துரு உடைந்துவிட்டதென்று கொள்ளலாம். பின் காற்சுற்றுக் கழற்றி, மீண்டும் முன்னே திருப்பி, எண்ணெய் விட்டு, இவ்வாறே முன்னும் பின்னுமாக வருக. கிறீச்சென்ற ஒலி கேட்டால் அங்கேயே நிறுத்துக.

அசையாவிடின் நட்டைச் சுடரால் சூடாக்குவர். ஸ்டட்டுக்கு முன் நட்டு விரியும். அவ்வேளை மெழுகுவர்த்தியைத் தொட்டால் உருகிய மெழுகு புரிக்குள் இழுபடும். ஆயின் முதல்நாள் விட்ட எண்ணெய் தீப்பற்றக்கூடியது. பெற்றோல் குழாயும் பிறேக் குழாயும் அருகிலேயே உள. இதனைக் கராஜில் கைதேர்ந்தவரிடம் விடுவதே என் விருப்பம். வீட்டிற் செய்யத்தக்கது, நட்டின் ஒரு பக்கத்தை இரும்பறுக்கும் வாளால் அறுத்து உளியாற் பிளத்தல். நட்டுச் சில ரூபாய். ஸ்டட்டைக் காப்பதே முக்கியம். பின்னாலுள்ள இணைப்புகளில் ஊடுபோகும் போல்ட்டாயின் அதை முறித்தே எடுத்துவிடலாம். புதியது இட்டால் முடிந்தது.

ஜக்கை மட்டும் நம்பி வானின் கீழே படுத்தல் ஆகாது. தடித்த மரக்கட்டைகளோ உறுதியான தாங்கிகளோ வேண்டும். சில்லுகளுக்கும் அணை கொடுக்கவேண்டும்.

இத்தனை தொல்லை ஏன், கம்பியால் கட்டிவிட்டால் என்ன என்போர் உளர். பழைய யப்பானிய வான்கள் பலவற்றில் இயந்திரம் முன் ஆசனத்தின் கீழேயே உள்ளது. இணைப்பிற் கசியும் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றும். நெடும்பயணத்திற் பிள்ளைகளுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தால், வளைந்த பாதையே காரணமென்று எண்ணி இருந்துவிடலாகாது. வானை நிறுத்தி, அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு உண்டா என்று பார்க்க வேண்டும். பின்கதவைத் திறந்து ஓடுவதும் பரிகாரமன்று. வானின் பின்னாற் சுழலும் புகை அவ்வழியே உள்ளே இழுபடும்.

மீண்டும் பூட்டும்போது பழைய நட்டைப் பாவிக்கவேண்டாம். செம்பு பூசியதோ பித்தளையோ ஆன புதிய நட்டு, புதிய கஸ்கெற், புரிகளிற் சிறிது செம்புக் கிறீஸ். எல்லா நட்டுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, இரண்டு மூன்று நாள் ஓடியபின், குழாய் ஆறியிருக்கும் காலைப்பொழுதில் இன்னொருமுறை இறுக்கிப் பார்க்கவும்.