பள்ளி விரிவாக்கமும் அண்டை வீட்டார் குரலும்

காலை மணி ஏழு. வரிசை வீடுகள் நிறைந்த ஒரு குடியிருப்புப் பகுதி. பள்ளி வாயிலில் தொடங்கிய கார் வரிசை சாலை முனை வரை நீண்டு நிற்கிறது. ஒரு வீட்டின் முன்வாசலை அடைத்தபடி நிற்கும் காரில் ஓட்டுநர் இல்லை. பிள்ளையை வகுப்பறை வரை கொண்டு விடச் சென்றிருக்கிறார். வேலைக்குக் கிளம்ப வேண்டிய வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு காத்திருக்கிறார். மலேசிய நகர்ப்புறங்களில் இக்காட்சி புதிதன்று. அப்பள்ளியின் திடலில் புதிதாக ஒரு நான்கு மாடிக் கட்டடம் எழப் போகிறது என்ற செய்தி காதில் விழுந்தால், அவர் கலங்குவதில் வியப்பில்லை.

வேலிக்கு அப்பால் இன்னொரு காட்சி. போதிய இடமின்றி நூலகம் வகுப்பறையாகிவிட்டது. அறிவியல் கூடத்தில் ஒரு வகுப்பு நடக்கிறது. ஒரு பகுதி மாணவர் காலையிலும் மறு பகுதியினர் மாலையிலும் படிக்கின்றனர். புதிய கட்டடம் அந்தப் பிள்ளைகளுக்கு ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவை.

இந்தத் தேவை ஏன் எழுந்தது என்பதைத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறே எடுத்துக்காட்டும். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுள் பல தோட்டப்புறத்தில் பிறந்தவை. இரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, மக்கள் நகரங்களை நோக்கி இடம்பெயர்ந்தனர். அதனால் தோட்டங்களில் மாணவர் குறைந்த பள்ளிகளும், நகரங்களில் இடம் போதாத பள்ளிகளும் உருவாயின. நகரத்தில் புதிய நிலம் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே, பல பள்ளிகள் இருக்கும் இடத்திலேயே வளர வேண்டியுள்ளது.

அப்படியானால் அண்டை வீட்டார் எழுப்பும் கேள்விகள் கல்விக்கு எதிரானவையா? இல்லை. ஒரு சிறு கணக்கைப் பார்த்தாலே அது விளங்கும். புதிய கட்டடத்தில் ஆறு வகுப்பறைகள், வகுப்புக்கு 35 மாணவர் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக 210 மாணவர் வருவர். அவர்களுள் பாதிப்பேர் தனித்தனிக் காரில் வந்து இறங்கினால், அதே குறுகிய சாலையில் அதே அரை மணி நேரத்தில் மேலும் 100க்கும் அதிகமான கார்கள் நுழையும். மழைநீரை உறிஞ்சிய புல்தரை சிமெண்டுத் தரையானால், அந்த நீர் வடிகாலுக்குத்தான் ஓடும். வடிகால் சிறியதாயின் தாழ்வான வீடுகளுக்குள் வெள்ளம் புகும். கட்டுமானக் காலத்தில் லாரிகளின் இரைச்சலும் தூசியும் முதியோரையும் கைக்குழந்தைகளையும் வாட்டும். இவை வீண் புலம்பல்கள் அல்ல. கட்டடம் எழுவதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்விகள்.

அந்த விடையைத் தேடும் பொறுப்பு ஊராட்சி மன்றத்தினுடையது. தீபகற்ப மலேசியாவின் மாநிலங்களில் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், இதற்கு வழிகாட்டுகிறது. இச்சட்டப்படி, ஊராட்சி மன்றத்தைத் தவிர வேறு எவரும் திட்ட அனுமதியின்றி மேம்பாட்டுப் பணியைத் தொடங்கக் கூடாது. உள்ளூர்த் திட்டம் இன்னும் நடப்புக்கு வராத பகுதியில் ஒருவர் அனுமதிக்கு விண்ணப்பித்தால், அண்டை நிலங்களின் உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த 21 நாள்களுக்குள் அவர்கள் தங்கள் ஆட்சேபத்தைக் காரணத்துடன் தெரிவிக்கலாம். நேரில் விளக்கமளிக்கவும் கேட்கலாம்.

ஆயினும், இங்கே இரண்டு இடைவெளிகள் உள்ளன. முதலாவது, அறிவிப்பு நில உரிமையாளருக்கே செல்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அது கிடைப்பதில்லை. ஆனால் நெரிசலில் சிக்குபவர் அவரே. இரண்டாவது இன்னும் முக்கியமானது. உள்ளூர்த் திட்டம் நடப்பில் உள்ள பகுதியில், ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் இவ்வாறு அறிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டப்பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோதே கருத்துரைத்திருக்கலாம் என்பது இதன் அடிப்படை. ஆனால், வண்ண வரைபடங்கள் நிறைந்த அத்தகைய ஆவணத்தைப் புரட்டிப் பார்த்த குடியிருப்பாளர் எத்தனை பேர்? பல ஆண்டுகள் கழித்துத் தம் வீட்டின் பின்னால் தூண்கள் எழும்போதுதான் பலருக்கும் செய்தி தெரிகிறது.

ஆகவே, சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் ஊராட்சி மன்றம் அண்டை வீட்டாரை அழைத்துக் கேட்பதே நேர்மையான வழியாகும். மலேசியாவில் ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் தேர்தல் மூலம் வருவதில்லை. மாநில அரசால் நியமிக்கப்படுகின்றனர். வாக்குச் சீட்டின் வழி மன்றத்திடம் பேச இயலாத மக்களுக்கு இத்தகைய சந்திப்பே குரல் கொடுக்கும் இடம்.

இவ்வாறு கேட்டுக்கொண்டே இருந்தால் வேலை எப்போது நடக்கும் என்று சிலர் வினவுவர். பள்ளி பொதுநன்மைக்கானது, சில வீட்டாரின் வசதிக்காக நூற்றுக்கணக்கான பிள்ளைகள் காத்திருப்பதா என்றும் கேட்பர். இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், கேட்காமல் எடுத்த முடிவு விரைவில் முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கோலாலம்பூரின் ரிம்பா கியாரா பூங்கா வழக்கு இதற்குச் சான்று. அது பள்ளியைப் பற்றிய வழக்கு அன்று. பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடி வீடுகள் கட்ட 2017இல் அளிக்கப்பட்ட அனுமதியைப் பற்றியது. அருகில் வாழ்ந்த தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் பூங்காவைக் காக்க நீதிமன்றம் சென்றனர். அதே திட்டத்தில் முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. நெடுங்காலமாக நீள்வீடுகளில் வாழ்ந்த அக்குடும்பங்களின் ஏக்கமும் நியாயமானதே. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. இடையில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. தொடக்கத்திலேயே எல்லாரையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேசியிருந்தால், அந்த ஆண்டுகளில் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கும்.

பள்ளி விரிவாக்கத்திற்கும் இப்பாடம் பொருந்தும். அனுமதி என்பது ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டே சொற்களில் முடிவதன்று. நிபந்தனைகளுடன் அனுமதி அளிக்க மன்றத்திற்கு அதிகாரம் உண்டு. மாணவர் இறங்கும் இடத்தைச் சாலையில் அல்லாமல் பள்ளி வளாகத்திற்குள்ளேயே அமைக்கச் சொல்லலாம். லாரிகள் பள்ளி தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் வரக் கூடாது என விதிக்கலாம். மழைநீரைத் தேக்கி மெல்ல வெளியேற்றும் தொட்டியைக் கட்டச் சொல்லலாம். கட்டடத்தைத் திடலின் ஓரத்திற்கு நகர்த்தினால், பிள்ளைகளுக்கு விளையாட இடமும் எஞ்சும். இத்தகைய யோசனைகள் அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்ப்பவரை விட, அச்சாலையில் நாள்தோறும் நடப்பவருக்கே முதலில் தோன்றும்.

குடியிருப்பாளர்களுக்கும் கடமை உண்டு. “எங்களுக்குப் பள்ளிக் கட்டடம் வேண்டாம்” என்ற ஒற்றை வரிக் கடிதம் யாருக்கும் உதவாது. எந்த நேரத்தில் நெரிசல் மிகுகிறது, எந்த வடிகால் நிரம்பி வழிகிறது, எந்த மாற்றம் செய்தால் ஏற்கலாம் என்று தெளிவாக எழுத வேண்டும். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் விண்ணப்பம் அனுப்பும் முன்பே குடியிருப்பாளர் சங்கத்தைச் சந்திக்கலாம். பெற்றோரோ, அடுத்தவர் வாசலை மறிக்காமல் காரை நிறுத்துவதற்கு எந்த அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் மாணவருக்கும் பங்குண்டு. காலை அரை மணி நேரத்தில் எத்தனை கார்கள் வருகின்றன, எத்தனை பேர் நடந்து வருகின்றனர் என்று ஒரு வாரம் எண்ணிப் பதிவு செய்தால், அந்த ஒரு தாள் பத்துப் பேரின் வாக்குவாதத்தை விட மன்றத்திற்குப் பயன்படும்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர். இழுப்பவர் எல்லாரும் ஒரே திசையில் இழுக்க வேண்டுமானால், தேர் எந்த வழியில் போகிறது என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்ல வேண்டும். பள்ளி வளரத்தான் வேண்டும். அதன் முதல் செங்கல் வைக்கப்படும் முன், வேலிக்கு அப்பால் உள்ள வீட்டின் கதவு ஒருமுறை தட்டப்பட வேண்டும்.